பிளக்கில் ஆயில்: மேலேயா, நுனியிலா?

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்பார்க் பிளக் ஆயிலில் நனைந்திருந்தால் உடனே இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் புழுதி பிளக் குழிக்குள் இறங்கியிருக்கும். தேங்கிய ஆயிலைத் துணியால் ஒற்றியெடுத்து, காற்றடித்து, இன்ஜின் ஆறியபின் கழற்றுங்கள். இல்லாவிட்டால் மண் நேரே சிலிண்டருக்குள் போகும்.

பீங்கானிலும் மரையிலும் மட்டும் ஆயில் என்றால் வால்வு கவர் டியூப் சீல் (பிளக் குழிக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. சின்ன வேலைதான். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் ரப்பர் உப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

நுனி கருத்து ஈரமாக மினுங்கினால் ஆயில் உள்ளே எரிகிறது. முதலில் பிசிவி வால்வை (இன்ஜின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் வால்வு) பாருங்கள், மலிவான பாகம். பிறகு காயில் கனெக்டர்களையும் ஃப்யூல் பம்ப் ஃப்யூஸையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுழற்றி, கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (அழுத்தம்) பாருங்கள். குறைந்த சிலிண்டரில் 5 மி.லி. ஆயில் விட்டதும் அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் சரியாக இருந்து, காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்தால் போயிருப்பது வால்வு தண்டின் சீல். பல இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டை இறக்காமலே அதை மாற்றலாம்.