டிசி கைக்கு வரும்வரை: பி.இ.யா, சட்டமா என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவை

செல்லாது என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட ஓபிசி சான்றிதழில் எல்லாமே சரியாக இருந்தது: மத்திய அரசுப் படிவம், தாசில்தார் ஒப்புதல், கியூஆர் குறியீடு. தேதி மட்டும்தான் இடித்தது. ஜேஇஇ விண்ணப்பம் போட்டபோதே முன்யோசனையாக வாங்கி வைத்தது அது. ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வோ அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கியதைத்தான் ஏற்கும். முன்யோசனைக்குக் கிடைத்த பரிசு, மறுபடி இ-சேவை மையம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று முதலிலிருந்து ஒரு சுற்று. அதுவும் சேர்க்கை நேரத்தில், ஊரே தாலுகா ஆபீஸில் நிற்கும்போது.

பி.சி., எம்.பி.சி. என்று போட்ட மாநிலச் சாதிச் சான்றிதழ் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான டிஎன்இஏ கலந்தாய்வுக்குப் போதும். மத்திய இடங்களுக்கு அது உதவாது. ஏப்ரல் முதல் வாரத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். "பழையதே போதும் சார், எல்லாம் ஒன்றுதான்" என்று கவுன்டரில் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய சறுக்கல் காலண்டரில் இருக்கிறது. "ரிசல்ட் வரட்டும், அப்புறம் இன்ஜினியரிங்கா சட்டமா என்று பார்க்கலாம்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம். ரிசல்ட் வருவதற்குள் பாதிக் கதவு மூடியிருக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வழி. 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. பொதுப்பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். டிஎன்இஏவுக்கு 500 கட்டிப் பழகியவர்களுக்கு இது சுருக்கென்று இருக்கும். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீளமான பத்திகளை வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான் வேண்டும்.

கிளாட்டைத் தவறவிட்டால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதன் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.ஏ., பி.பி.ஏ., பி.காம். மட்டுமின்றி பி.சி.ஏ. எல்எல்.பி. (ஹானர்ஸ்) படிப்பும் உண்டு. கம்ப்யூட்டரையும் விட மனமில்லை, சட்டமும் வேண்டும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அது.

டிஎன்இஏவில் பதிவும் சான்றிதழ் சரிபார்ப்பும் பிரச்சினையில்லாமல் முடிந்தன. வம்பு வந்தது சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுப்பதில். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம் என்பதால், கிடைக்கவா போகிறது என்று சிலவற்றை அலங்காரத்துக்கு மேலே போடுகிறோம். பிறகு கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, 'அப்வர்டு' என்ற மேல்நகர்வையும் கேட்கிறோம். மேலே ஓர் இடம் காலியானால் தானாக அங்கே தூக்கிப் போட்டுவிடும். பழைய இடம் அந்த நிமிடமே போய்விடும், கெஞ்சினாலும் வராது. கையில் இருந்த ஐ.டி. பிரிவு போய், பெயருக்காக மட்டும் மேலே போட்ட கல்லூரியில் வேண்டாத பிரிவு வந்து சேர்வது இப்படித்தான். பட்டியலை லாக் செய்வதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் அதற்கு அடுத்த வரியை நேராக வைத்து, "இது கிடைத்தால் அதை நிஜமாகவே விட்டுவிடுவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வரிசை தப்பு.

கல்லூரிப் பெயரை நம்பாதீர்கள், நான்கு இலக்கக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே அறக்கட்டளை, ஏறக்குறைய ஒரே பெயர், மாவட்டம் மட்டும் வேறு என்று ஏராளம். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு குறியீட்டில் வரும். பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. வகுப்பு அதே வளாகத்தில் நடக்கலாம், கட்டணம் வேறு.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது புதுப் பெயர்களில் மயங்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சைபர் செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகிய மூன்றின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ், டேட்டாபேஸ் என்று அடித்தளம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. வேறுபாடு பின்பாதி செமஸ்டர்களில்தான் தெரியும். என்பிஏ, நாக் இரண்டும் தரச் சான்று. என்பிஏ அங்கீகாரம் பிரிவுவாரியாகக் கொடுக்கப்படுவது, நாக் கல்லூரி முழுவதற்கும். "எங்களுக்கு நாக் இருக்கிறது" என்பது போன வருடம் தொடங்கிய பிரிவைப் பற்றி எதுவும் சொல்லாது. என் கணக்கில், மங்கலான கல்லூரியின் கவர்ச்சியான பிரிவைவிட நல்ல கல்லூரியின் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) மேல்.

சட்டத்துக்கு வருவோம். இங்கே யாருமே முன்கூட்டிச் சொல்லாத இரண்டு விஷயம். ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் பிடிக்கவில்லை என்றால் பி.ஏ.வை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர முடியாது. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் பட்டத்தைப் பிரித்துக் கொடுப்பதையும் தடுக்கின்றன, பட்டதாரி என்று சொல்லி நடுவில் நுழைவதையும் தடுக்கின்றன.

இரண்டாவது, காப்புரிமை, அதாவது பேட்டன்ட். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி காப்புரிமை முகவர் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் போடுபவர்) தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். பி.ஏ. எல்எல்.பி. முடித்த வழக்கறிஞருக்கு எவ்வளவு தொழில்நுட்பம் தெரிந்தாலும் அந்தத் தேர்வு கிடையாது. ஆகவே காப்புரிமைப் பக்கம் ஆசை இருந்தால் முதலில் பி.இ., பிறகு மூன்றாண்டு எல்எல்.பி.; மொத்தம் ஏழு ஆண்டு. தரவுப் பாதுகாப்பு, மென்பொருள் ஒப்பந்தம், சைபர் குற்ற வழக்கு என்றால் ஐந்தாண்டுப் படிப்பே போதும், இரண்டு வருடம் மிச்சம். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எல்எல்.பி. படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்ய அது செல்லாது. நேரடி வகுப்பில் 70 சதவீத வருகை வேண்டும்.

கடைசி அலைச்சல் டிசிக்காக. பொறியியல் கல்லூரியில் சேர்ந்து அசல் சான்றிதழ்களைக் கொடுத்த பிறகு சட்டப் படிப்புப் பட்டியல் வந்தால் என்ன ஆகும்? அலுவலகத்தில் "நாலு வருட ஃபீஸையும் கட்டிவிட்டு டிசி வாங்கிக்கோங்க" என்றார் ஒருவர், கண்ணைக்கூட உயர்த்தாமல். வாய்ப்பேச்சு பலிக்காது. தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதிப்படி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. ரத்துக்கான கடைசி நாளுக்குள் விலகினால் கட்டிய பணத்தில் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் கழிக்கலாம். இந்த இரண்டையும் குறிப்பிட்டு கல்லூரி முதல்வர் பெயருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரை கேட்டதும்தான் அந்த மேஜையில் குரல் மாறியது. அன்று மாலையே டிசி கைக்கு வந்தது. வாங்கியதும் நன்னடத்தை வரியையும் பிறந்த தேதியையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்; தப்பு இருந்தால் திருத்த மறுபடி வர வேண்டியிருக்கும்.