உடோங் மலை மாதிரி: மூன்று ஸ்தூபிகள் முடிந்தன

நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்துவரும் வேலை இது. 4 அடிப் பலகையில் கம்போடியாவின் உடோங் மலை. புனோம் பென்னுக்கு வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது. 1618 முதல் 1866 வரை கெமர் அரசர்களின் தலைநகரம் இங்கேதான். போன வருஷம் 509 படி ஏறிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்த முகடு கண்ணைவிட்டுப் போகவில்லை.

மலைக்குத் தெர்மகோலை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே காகிதக்கூழ் பூசினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. முகட்டில் அரசர்களின் நினைவாக நிற்கும் மூன்று ஸ்தூபிகள்தான் ஆளை உட்கார வைத்துவிட்டன.

அளவுக்கு ஒரு வழி கிடைத்தது. நான் எடுத்த படங்களில் ஸ்தூபிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்களை ஐந்தரை அடி என்று வைத்து, அவர்களைக் கொண்டே உயரத்தை எண்ணினேன். மணி வடிவமான உடலுக்கு, அதன் பாதி ஓரக்கோட்டைப் பவுடர் டப்பாத் தகரத்தில் வெட்டி, நடுவில் அடித்த ஆணியைச் சுற்றிச் சுழலவிட்டேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஊற்றி ஊற்றித் தகரத்தைத் திருப்பினால் வளையங்கள் தாமாக எழும்பும். முதல் இரண்டு முறை பாதியிலேயே இறுகி, தகரம் இழுத்த இடமெல்லாம் பிய்ந்துவிட்டது. மூன்றாம் முறை கலவையில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். இறுகுவது தாமதமானது, ஓரம் வழுவழுவென்று வந்தது.

வடமேற்கிலிருந்து முதலாவது தம்ரை சாம் போன். தம்ரை என்றால் யானை. சொரியோபோர் மன்னரின் சாம்பலுக்காக இரண்டாம் செய் சேத்தா கட்டியது. அடுத்தது அங் துவோங் மன்னருடையது. மகன் நொரோடோம் 1891இல் எழுப்பினார். வண்ண ஓட்டுச் சில்லுகள் பதித்த ஸ்தூபி. உடைந்த கண்ணாடி வளையல்களைத் துணியில் சுற்றித் தட்டி, துண்டு துண்டாக இடுக்கியால் எடுத்து ஒட்டினேன். இதற்கு மட்டும் மூன்று ஞாயிறு போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் அது மினுங்கும்போது பட்ட பாடு மறந்துவிடுகிறது.

மூன்றாவது, 1941இல் காலமான மோனிவோங் மன்னரின் ஸ்தூபி. பெயர் ‘மக் புரோம்’. இந்தப் பெயரைப் பல தடவை சொல்லிப் பார்த்த பிறகே பொறி தட்டியது: முகம், பிரம்மா! உச்சியில் நாலு திசைக்கும் நாலு முகம் இருக்கிறதே. உடோங் என்பதே ‘உத்துங்க’, உயர்ந்தது. முகட்டின் பெயரான ‘பிரியா ரீச் திரோப்’பில் வரும் ரீச் ராஜ, திரோப், நம் திரவியம். இங்கும் அங்கும் வந்த சமஸ்கிருதச் சொற்கள், கெமர் நாக்கில் தேய்ந்திருந்தாலும் அடையாளம் தெரிகின்றன. அந்த நாலு முகத்தையும் எம்-சீலில் ஊசியால் கீறினேன். கண் மூடியது போல இமையைத் தாழ்த்தியதும்தான் சாந்தம் வந்தது.

மூன்றையும் வரிசையாக நட்டு நிமிர்ந்தபோது உறைத்தது. இவற்றில் இரண்டு, தலைநகரம் புனோம் பென்னுக்குப் போன பிறகு வந்தவை. அரசு போன பிறகும் அரசர்களை இங்கேதான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். (அங் துவோங்குக்குப் புனோம் பென் வெள்ளிக் கோயில் வளாகத்திலும் ஒரு ஸ்தூபி உண்டு.) உடோங் தலைநகராக இருந்தபோது அரசர்கள் வாழ்ந்த அரண்மனையோ மலைக்குக் கீழே சமவெளியில் இருந்தது. மரக் கட்டடம், நிற்கவில்லை. என் பலகையிலும் அந்த இடத்தில் புல்லையும் பனைமரங்களையும் தவிர எதையும் வைக்கப்போவதில்லை.

மிச்சம் இருப்பது தென்கிழக்குக் கோடியில் உள்ள அத் ரோஸ் கோயில். பெயரின் பொருள் எட்டும் பத்தும், அதாவது 18. உள்ளே இருப்பவர் 18 முழ புத்தர். சிசோவத் மன்னர் 1911இல் அர்ப்பணித்ததை 1977இல், அப்போது கம்போடியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் வெடிவைத்துத் தகர்த்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். எந்த நிலையில் செய்வது என்று இரண்டு வாரம் யோசித்தேன். தகர்ந்த கோலத்தில் செய்யக் கை வரவில்லை. நான் நேரில் பார்த்தபடியே, கூரையோடும் புத்தரோடும் செய்கிறேன். கூரையைக் கழற்றி மாட்டும்படி வைத்தால்தான் உள்ளே இருப்பவர் தெரிவார். அதற்கான அட்டையை நேற்று வெட்டி வைத்தாயிற்று.