ஈசிஎம் ஃபிளாஷ் பண்ணும் முன்

சென்னையில பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில் வாங்கின பழைய ஈசிஎம்மை (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) மாட்டினதும் வண்டி ஸ்டார்ட் ஆகிடும்னு நம்பாதீங்க. பார்ட் நம்பர் ஒத்துப்போனாலும் உள்ளே பழைய வண்டியோட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) டேட்டா இருந்தா, உங்க சாவியை ஏத்துக்காது.

ரீப்ரோகிராமிங்ல, அதாவது ஈசிஎம்ல சாஃப்ட்வேரை மறுபடி எழுதுற ஃபிளாஷ் வேலையில, பெரும்பாலும் காலை வாருறது வோல்டேஜ்தான். இக்னிஷன் ஆன்ல ரேடியேட்டர் ஃபேன் சுத்த ஆரம்பிச்சா பேட்டரி மளமளன்னு இறங்கும். எழுதுறது பாதியில நின்னா, பூட்லோடர் (எழுத வழி விடுற சின்ன புரோகிராம்) பிழைச்சிருந்தா அதே கேபிள்ல மறுபடி எழுதலாம். இல்லாட்டி ஈசிஎம்மைக் கழட்டி பெஞ்ச்ல, அதாவது வண்டிக்கு வெளியே மேஜையில வச்சுத்தான் மீட்கணும். சாதாரண சார்ஜர்ல ரிப்பிள் (வோல்டேஜ் ஏற்ற இறக்கம்) அதிகம், வேண்டவே வேண்டாம். 13.5 வோல்ட்ல அசையாம நின்னு, 50 ஆம்பியராவது தர்ற சப்ளை வைங்க. ஏசி, ஹெட்லைட், டேஷ்கேம், லேப்டாப்போட ஸ்லீப் மோடு எல்லாம் ஆஃப். லேப்டாப்பை இணைக்க வைஃபை இல்லாம யுஎஸ்பி கேபிள். ஈசிஎம்ல இருக்கிற பழைய ஃபைலைப் படிக்க முடிஞ்சா முதல்ல சேமிச்சுக்கங்க.

முடிஞ்சதும் த்ராட்டில் ரீலேர்ன் (காத்து போற த்ராட்டில் வால்வோட நிலையை ஈசிஎம்முக்கு மறுபடி பழக்குறது). அதை விட்டா சில வண்டிகள்ல ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்போ இன்ஜின் ஓடுற வேகம்) ஏறி இறங்கும், சிக்னல்ல ஆஃப் ஆகும்.