பைக்குக்கு அளவெடுக்கும் ஞாயிற்றுக்கிழமை

ஹீரோவின் மண்பாதை பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 வாங்கின ஆள் குடியிருக்கும் தெருவில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கூத்து கட்டாயம் நடக்கும். மணி ஏழுகூட ஆகியிருக்காது. ஹெல்மெட், முழங்கால் கவசம், பூட்ஸ், முதுகில் தண்ணிப் பை என்று சகல அலங்காரத்தோடும் ஒருத்தர் வண்டி மேல் உட்கார்ந்திருப்பார். வண்டி எங்கேயும் போகாது. ஒரு நண்பர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பார். இன்னொருத்தர் பின்சக்கரத்துப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, தையல் மிஷின் டிராயரிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த டேப்பை ஆக்ஸிலில், அதாவது சக்கரத்தின் அச்சில் வைத்து மேலே இழுத்துக்கொண்டிருப்பார். கோலம் போட வந்த எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சும்மா போவாரா?

"என்ன தம்பி, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"இல்லக்கா, சேக் பாக்கறோம்."

"செக் பண்ணணும்னா மெக்கானிக்கிட்ட விட வேண்டியதுதானே?"

செக் இல்லை, சேக். ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்கிற கணக்கு. மண்ணுக்கும் கல்லுக்கும் வண்டியைத் தயார் பண்ணுவதில் முதல் வேலை இதுதான். செலவும் கிடையாது. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

மூன்று அளவு வேண்டும். எக்ஸ்பல்ஸில் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அதனால் சைடு ஸ்டாண்டில் வண்டியைச் சாய்த்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி ஒருத்தர் தூக்கிப் பிடிக்கணும். ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே, வால் பகுதியில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிப் புள்ளி வைத்து அதுவரை அளப்பது முதல் அளவு. சக்கரத்தை இறக்கி, ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் நிற்கும்போது இரண்டாவது. ஆள் முழு அலங்காரத்தோடு ஏறி, ஃபுட்பெக்கில் கால் வைத்து, லேசாக இரண்டு குலுக்கு குலுக்கி அடங்கிய பிறகு மூன்றாவது. அந்த பூட்ஸும் ஹெல்மெட்டும் தண்ணியும் சேர்ந்தாலே ஆறேழு கிலோ ஏறும். லுங்கியோடு உட்கார்ந்து அளந்தால் லுங்கியோடுதான் ஓட்டணும்.

டேப் நைந்து நீண்டு போயிருந்தாலும் பெரிய பாதகமில்லை. நமக்கு வேண்டியது அளவுகளின் வித்தியாசம்தான், மூன்றுக்கும் அதே டேப் என்றால் சரி. முதல் அளவு துணி டேப், மூன்றாவது அளவு பக்கத்து வீட்டு ஆசாரியின் ஸ்டீல் டேப் என்று மாறும்போதுதான் குடி கெடும்.

கணக்கைப் பாருங்கள். தொங்கும்போது 600 மி.மீ., வண்டி மட்டும் நிற்கும்போது 582, ஆளோடு 524 என்று வைத்துக்கொள்வோம். ஆளோடு இறக்கம் 76. ஸ்டாண்டர்டு எக்ஸ்பல்ஸில் பின்சக்கரத்தின் மொத்த ஆட்டம், அதாவது அது மேலும் கீழும் போய்வரும் தூரம், 170 மி.மீ. மண்பாதைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, 51 முதல் 56 வரை இறங்கினால் நல்லது. 76 என்றால் ஆட்டத்தில் கிட்டத்தட்டப் பாதியை உட்கார்ந்தே தின்றாகிவிட்டது. மிச்சத்தை முதல் கல்லே வாங்கிக்கொள்ளும், இரண்டாவது கல் முதுகுத்தண்டுக்கு.

உடனே சி ஸ்பேனர் வெளியே வரும். (சி ஸ்பேனர் இல்லாத வீட்டில் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வரும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.) பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் காலர் உண்டு, அந்த அமுக்கலுக்குப் பெயர் பிரீலோடு, மொத்தம் பத்து படி. கூட்டத்தில் ஒருத்தர் நிச்சயம் சொல்வார், "பத்துல வை மச்சி, ஸ்பிரிங் டைட் ஆயிடும்."

ஆகாது. இந்த ஒரு நம்பிக்கைதான் பாதி வண்டிகளைக் கெடுத்து வைத்திருக்கிறது. காலரை எவ்வளவு திருகினாலும் ஸ்பிரிங்கின் பலம் மாறாது. முக்காலிக்கு அடியில் செங்கல் வைத்தால் உட்கார்ந்திருப்பவர் உயரமாகத் தெரிவார், பலசாலி ஆகிவிட மாட்டார். பிரீலோடு என்பது அந்தச் செங்கல். வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

இங்கேதான் இரண்டாவது அளவின் அருமை தெரியும். 76-ஐ 56-க்குக் கொண்டுவர 20 மி.மீ. ஏற்றினால், வெறும் வண்டியின் இறக்கம் 18 மி.மீ.யும் அதே போக்கில் காணாமல் போகும். ஆள் இல்லாதபோது ஷாக் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும். பள்ளம் வந்தால் சக்கரம் இறங்கித் தொட மிச்சம் இருக்காது, பின்பக்கம் குதிரை மாதிரி உதைக்கும். ஆளோடு இறக்கத்தைச் சரிபண்ணின பிறகு வெறும் இறக்கம் 15, 20 மி.மீ.யாவது இருக்கணும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஸ்பிரிங் அந்த உடம்புக்கு மெலிசு, கனமான ஸ்பிரிங் வாங்குவதுதான் வழி. மாறாக 40-க்கு மேல் நின்றால் ஸ்பிரிங் முரடு. உடம்பைக் குறைப்பது பற்றி எதிர்வீட்டு அக்கா ஒரு யோசனை சொல்வார். அதுவும் தப்பில்லை.

அடுத்த கட்டம் முன்பக்கம். சீட் உயரம் 820 மி.மீ.க்கு மேல். கால் எட்டாதவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருப்பார்கள்: முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ் டி பிளேட் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களை 15 மி.மீ. மேலே தள்ளிவிடுவது. முன்பக்கம் இறங்கும், கால் கொஞ்சம் எட்டும், முகத்தில் வெற்றிச் சிரிப்பு வரும். அன்று சாயங்காலமே வண்டி சைடு ஸ்டாண்டில் நட்ட குத்தலாக நிற்பதைப் பார்க்கலாம். மறுநாள் காலை பக்கத்து ஸ்கூட்டி மேல் சாய்ந்திருப்பதையும் பார்க்கலாம்.

அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வற்றின ஏரிக்குள் இறங்கும்போது காத்திருக்கிறது. ஆபீஸ் நாற்காலியின் உருளையைக் கவனித்திருப்பீர்கள், தள்ளின பக்கம் தானாகத் திரும்பி பின்னாலேயே இழுபட்டு வரும். பைக்கின் முன்சக்கரமும் அதே ஜாதி. ஹேண்டில் திரும்பும் தண்டின் வழியே தரைவரை ஒரு கோடு இழுத்தால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும். அந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். இந்த வகை வண்டிகளில் 100 மி.மீ. சுற்றி இருக்கும். சக்கரம் நேராகப் போவது அதன் தயவில்தான்.

முன்பக்கத்தை 15 மி.மீ. இறக்கியாச்சு. பிரீலோடைப் பத்தில் வைத்ததில் பின்பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு ஏறியாச்சு. வீல்பேஸ் 1400 சொச்சம் மி.மீ. உள்ள வண்டியில் இந்த 30 மி.மீ. வித்தியாசம் ஃபோர்க்கின் சாய்வை ஒரு பாகைக்கு மேல் நிமிர்த்திவிடும். ட்ரெயிலில் எட்டொன்பது மி.மீ. போச்சு. தார் ரோட்டில் "சூப்பரா திரும்புது மச்சி" என்று தோன்றும். மணலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எடை முன்னால் வரும், ஃபோர்க் அமுங்கும், இருக்கிற சாய்வும் நிமிரும், முன்சக்கரம் உள்ளே மடங்கும். ஓட்டுநர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் ஏரியின் ஆழத்தை அளப்பார். இந்த அளவுக்கு டேப் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து, இரண்டு மூட்டை தீவனத்தோடு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் அதே மணலைக் கடந்து போகும். ஓட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதற்கு சேக்கும் இல்லை, மூக்கும் இல்லை. மனம் தளர வேண்டாம். 90 கிலோவை எட்டாத வண்டி, மூட்டை எடை முழுக்கப் பின்பக்கம், வேகம் மணிக்கு பதினைந்து. அந்தக் கணக்கில் எந்த வண்டியும் மணலைக் கடக்கும்.

விழுந்து எழுந்தவர் அடுத்துச் செய்யும் தப்பு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருகுவது. ஃபோர்க்கை முதலில் பழைய மட்டத்துக்கே கொண்டுவாருங்கள். இரண்டு குழாயும் ஒரே உயரமா என்று கண்ணால் பார்த்தால் போதாது, அளக்கணும். பிறகு மாற்றுவதானால் ஒரு தடவைக்கு 5 மி.மீ.தான். குழாயை மேலே தள்ளினால் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயருக்கும் கீழ் டி பிளேட்டுக்கும் உள்ள இடைவெளி அதே அளவு குறையும், அதையும் பார்த்துக்கொள்ளணும். பின்பக்கம் மூட்டையும் ஆளுமாகத் தொங்கிப்போனால் கதை தலைகீழ். முன்பக்கம் லேசாகும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி வளைய மாட்டேன் என்று எதிர் லேனுக்குப் போகும். அப்போது பின் பிரீலோடை ஏற்றுவதே மருந்து, ஃபோர்க்கைத் தொட வேண்டாம்.

விழுந்த பிறகு ஹேண்டில் ஒரு பக்கம் கோணியிருந்தால் ஃபோர்க் வளைந்துவிட்டது என்று ஒப்பாரி வைக்க அவசரமில்லை. பெரும்பாலும் டி பிளேட்டுக்குள் குழாய் முறுக்கிக்கொண்டிருக்கும். கீழ் போல்ட்டுகளையும் ஆக்ஸிலையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டிலைத் திருப்பினால் நேராகும். பிறகு முன்பிரேக்கைப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் டார்க்குக்கு, அதாவது இறுக்க அளவுக்கு, இறுக்கணும்.

ஹேண்டில் தண்டு திரும்பும் பேரிங்கான கோன் செட்டை மறக்கவே கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டொக் என்றால் அது தளர்ந்திருக்கிறது. ஹேண்டில் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி நின்றால் அது தேய்ந்திருக்கிறது. ஷாக்குக்குப் பல ஆயிரம் செலவு பண்ணின பிறகு, குற்றவாளி சில நூறு ரூபாய் கோன் செட் என்று தெரிய வரும்போது கூட்டத்தில் எல்லாருக்கும் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வரும்.

ஃபோர்க் ஆயில் இன்னொரு வம்பு. கூட ஊற்றினால் கூட நல்லது என்று ஒரு குழாயில் 20 மில்லி அதிகமாக ஊற்றினால் உள்ளே மட்டம் சுமார் 2 செ.மீ. ஏறும், காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் கடைசியில் கல்லாகும், சீல் கக்கும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, குழாயை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை ஸ்கேலால் அளப்பதே நம்பகமான முறை. பிரீலோடுக்காக உள்ளே நாணயம் அடுக்குகிறவர்களும் உண்டு. முனையைக் கோணாமல் நேராக வெட்டின கனமான பிவிசி குழாயும் இரண்டு வாஷரும் அதைவிட மேல். மூடியைக் கழற்றும்போது முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள். ஸ்பிரிங்குக்குத் தாடை எது, வானம் எது என்று தெரியாது.

திருகினால் கிளிக் கிளிக்கென்று படிப்படியாக மாறும் ஷாக் வைத்திருப்பவர்கள் முதலில் முழுக்க மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு பிறகு கை வைக்கணும். அலை அலையான செம்மண் ரோட்டில் வண்டி போகப் போக இறுகினால் ரீபவுண்டு, அதாவது அமுங்கின ஷாக் திரும்ப எழும்பும் வேகம், மெதுவாக இருக்கிறது, இரண்டு கிளிக் திறங்கள். பின்பக்கம் துள்ளினால் இரண்டு கிளிக் மூடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய காற்றைக் கடைசியில் சொல்கிறேன், எல்லாரும் கடைசியில்தானே பார்க்கிறார்கள். டியூப் உள்ள டயரில் மண்ணுக்கு 20 பிஎஸ்ஐ சுற்றி போதும். அதற்கும் கீழே போனால் கல்லில் ரிம் அடித்து டியூப்பில் பாம்புக் கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும். தாருக்குத் திரும்பும்போது மறக்காமல் ஏற்றணும்.

எல்லாம் சரியானதும் ஒரு மாஸ்கிங் டேப்பில் "பின் படி 6, ஃபோர்க் 0, காத்து முன் 20, பின் 22" என்று எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த சர்வீஸுக்கு விட்டு எடுத்த அன்று சீட்டைக் கழற்றி ஒத்துப் பாருங்கள். படி ஆறிலேயே இருக்கும், ஃபோர்க்கும் அசைந்திருக்காது. காற்று மட்டும் 36.