ஆங்கிலச் சொல்லுக்குப் பிரெஞ்சு தேடியபோது கைகொடுத்த தமிழ்

கும்பகோணத்தில் ஆங்கில வழியில் பட்டம் முடித்து, திருமணத்திற்குப் பின் மொரீசியஸில் காத்ர் போர்ன் நகருக்குக் குடிவந்த என்னிடம், ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சு எளிது என்றே எல்லோரும் சொன்னார்கள். 1715 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரரும், அதன்பின் 1968 வரை ஆங்கிலேயரும் ஆண்ட தீவு இது. அதனால் அரசுப் படிவம் ஆங்கிலத்திலும், நாளிதழ் பெரும்பாலும் பிரெஞ்சிலும், வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியிலும் இருக்கின்றன. வேலைக்குச் சான்றிதழ் தேவைப்பட்டதால் பிரெஞ்சு மொழித்திறனுக்குச் சான்றளிக்கும் டெல்ஃப் தேர்வின் பி2 என்ற மேல் இடைநிலைக்குப் படித்தேன். முதல் முறை தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதையும், இரண்டாம் முறைக்கு முன் என் சொற்பட்டியலை எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதையும், இதே நிலையில் உள்ள தமிழர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் முறை நான் வைத்திருந்த நோட்டில் இரண்டு பத்திகள் மட்டுமே இருந்தன: இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் அதற்கு ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல். ஒரு நாளைக்கு முப்பது சொற்கள் என்று மனப்பாடம் செய்தேன். பிரெஞ்சோடு தொடர்புடைய சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் புகுந்தவை அவற்றில் பல. அந்த உருவ ஒற்றுமை தந்த தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் நூலகம் அன்று, புத்தகக் கடை. நூலகத்திற்கு 'பிப்லியோத்தெக்' என்ற வேறு சொல் இருக்கிறது. 'ஆக்துயெல்மாங்' என்பது ஆங்கிலத்தின் 'ஆக்சுவலி' அன்று, 'தற்போது' என்று பொருள்படும். இவற்றை ஒரு தனித் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஒட்டிவைத்துத் தீராத சிக்கல் வேறு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பிரெஞ்சில் இரண்டு மூன்று சொற்கள் இருக்கும்போது, எந்த இடத்தில் எதைப் போடுவது என்று இருமொழி அகராதியைப் பார்த்தாலும் எனக்கு உடனே புலப்படவில்லை. 'பிரிங்' என்ற சொல்லுக்கு 'அப்போர்த்தே', 'அமெனே' என இரண்டு இருந்தன. எடுத்துக்காட்டுகளைப் பலமுறை படித்தும் குழம்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவற்றைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தண்ணீரைக் கொண்டுவருவோம், குழந்தையைக் கூட்டிவருவோம். பொருளுக்கு அப்போர்த்தே, ஆளுக்கு அமெனே என்று அந்த நொடியில் விளங்கிவிட்டது. கொண்டுபோவதற்கும் கூட்டிப்போவதற்கும் இடையிலும் பிரெஞ்சில் இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலம் ஒன்றாகக் கட்டிவைத்த பொட்டலத்தைத் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. நான்தான் பார்க்காமல் இருந்தேன்.

அன்றே நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டுத் தமிழுக்கு ஒதுக்கினேன். 'டைம்' என்பதற்கு 'தாங்', 'எர்', 'ஃபுவா' என்று மூன்று சொற்கள் வந்தபோது, எனக்கு நேரமில்லை என்பதில் முதலாவது, மணி என்ன என்பதில் இரண்டாவது, மூன்று முறை சொன்னேன் என்பதில் மூன்றாவது என்று பக்கத்தில் எழுதியதோடு வேலை முடிந்தது. 'லீவ்' என்பதற்கும் அப்படியே: சாவியை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் 'லெஸ்ஸே', ஐந்து மணிக்குப் புறப்பட்டால் 'பார்த்தீர்'. வாக்கிய அமைப்பிலும் இந்த உதவி கிடைக்கும். 'மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் பிரெஞ்சும் 'தெபுய்' என்ற சொல்லோடு நிகழ்காலத்திலேயே சொல்கிறது. ஆங்கில அமைப்பை மனத்தில் வைத்து நான் எழுதிய இறந்தகால வடிவங்களையெல்லாம் ஆசிரியை சிவப்பு மையால் அடித்திருந்தார்.

தமிழ் எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. அவரைத் தெரியும், நீந்தத் தெரியும் என்ற இரண்டிற்கும் நமக்கு ஒரே சொல். பிரெஞ்சிலோ ஆளையும் ஊரையும் அறிவது 'கொனேத்ர்', ஒன்றைச் செய்யத் தெரிவது 'சவ்வார்'. நீ, நீங்கள் என்ற வேறுபாடு 'துய்', 'வூ' என்று பிரெஞ்சில் இருப்பது நமக்கு வசதிதான் என்றாலும், எல்லை ஒன்றாக இல்லை. பழக்கதோஷத்தில் மாமியாரை நான் 'வூ' என்று விளித்தபோது, "என்னம்மா, என்னை வங்கி மேலாளர் ஆக்கிவிட்டாயே" என்று அவர் சிரித்தார். தேர்வில் எழுதும் முறைசார்ந்த கடிதத்தில் 'வூ' தவிர வேறெதற்கும் இடமில்லை.

பாலைப் பொறுத்தவரை, திணையும் பாலும் பொருளைப் பார்த்தே அமையும் மொழியில் வளர்ந்த நமக்கு, கதவு பெண்பால், இதயம் ஆண்பால் என்பது வேடிக்கையாகவே இருக்கும். இங்கே மாமியாரின் கிரியோல் எனக்கு உதவியது. கிரியோலில் பால் வேறுபாடு இல்லை. ஆனால் பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன் பால் காட்டி வரும் முன்னொட்டு (பெண்பாலுக்கு 'லா', ஆண்பாலுக்கு 'லெ') பல பெயர்ச்சொற்களோடு ஒட்டியே வந்துவிட்டது. கதவு 'லாபோர்ட்', ஆகவே பிரெஞ்சில் பெண்பால். இதயம் 'லேகேர்', ஆகவே ஆண்பால். உயிரெழுத்தில் தொடங்கும் பிரெஞ்சுச் சொற்களில் மட்டும் இந்தக் குறிப்பு ஏமாற்றும், ஏனெனில் அங்கே முன்னொட்டின் உயிர் மறைந்து 'ல்' மட்டுமே மிஞ்சுகிறது. 'லார்ஸான்' என்ற பணம் பெண்பால் போல ஒலித்தாலும் ஆண்பால். 'லேகோல்' என்ற பள்ளிக்கூடம் ஆண்பால் போல ஒலித்தாலும் பெண்பால். கிரியோல் காதில் விழாத ஊரில் படிப்பவர்கள் சொல்லின் முடிவைப் பார்க்கலாம்: 'சியோங்' என முடிபவை ஏறத்தாழ எல்லாமே பெண்பால், 'ஆஜ்' என முடிபவை பெரும்பாலும் ஆண்பால் என்றாலும் கடற்கரையைக் குறிக்கும் 'ப்லாஜ்', பக்கத்தைக் குறிக்கும் 'பாஜ்', படத்தைக் குறிக்கும் 'இமாஜ்' ஆகியவை விலக்கு. எப்படியானாலும், முன்னொட்டு இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

மொரீசியஸில் படிப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. சந்தையில் பீர்க்கங்காயைப் 'பிப்பங்காய்' என்றும் முருங்கைக்கீரையை 'ப்ரேத் முரும்' என்றும் விற்கும்போது நம் ஊர்ச் சொற்கள் கடல் கடந்து வந்திருப்பதைக் கேட்டு மகிழலாம். தக்காளிக்கு 'பொம் தாமூர்' என்பதும் இனிமையான பெயர்தான். தேர்வுத் தாளில் 'தொமாத்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிற்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்த ஒரு பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. அகராதி வைத்துக்கொள்ள முடியாது. எழுத்துப் பகுதியில் ஒரு மணி நேரத்தில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். முதல் முறை ஆங்கிலத்தில் வரைவு எழுதிப் பெயர்த்ததில் நாற்பது நிமிடம் போயிற்று. இரண்டாம் முறை வரைவே எழுதவில்லை; கருத்துகளை ஐந்தாறு தமிழ்ச் சொற்களில் ஓரத்தில் குறித்துக்கொண்டு நேராகப் பிரெஞ்சில் எழுதினேன். தெரியாத சொல் வந்தால் தெரிந்த சொற்களால் சுற்றி வளைத்துச் சொன்னேன். நாளைக்கு முப்பது சொற்கள் என்பதையும் எட்டாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு எழுதிப் பழகியிருந்ததால் கை தடுமாறவில்லை.

முடிவு வந்த அன்று ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து, தேறிவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் 'பஸ்ஸே' என்ற வினையைப் போட்டுச் சொல்லிவிட்டேன். பிரெஞ்சில் அதற்குத் தேர்வு எழுதினேன் என்றுதான் பொருள். தேறியதற்கு 'ரேயுஸ்ஸீர்' என்ற வினை வேண்டும். "எழுதியது தெரியும், முடிவு எப்போது வரும்?" என்று அவர் கேட்டார்.