நடுவில் இழுக்கும் பையன்

ஜனவரி 6

இரவு வெகுநேரம் ரஷ்ய ஓவியர் வசீலி பெரோவின் ‘துரோய்க்கா’ ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1866-இல் வரைந்தது, மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. பனி மூடிய தெருவில் மூன்று பிள்ளைகள் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்து வருகிறார்கள். பின்னால் ஒருவர் தள்ளுகிறார். கூடவே ஒரு நாய் ஓடுகிறது. சிந்திய தண்ணீர் பீப்பாயிலேயே உறைந்து தொங்குகிறது. துரோய்க்கா என்றால் மூன்று குதிரை பூட்டிய வண்டி.

ஜனவரி 9

ரஷ்யாவில் பண்ணையடிமை முறைதான் 1861-இல் ஒழிந்துவிட்டதே, அப்புறம் இவர்கள் யார்? தொழில் பழகட்டும் என்று கிராமத்திலிருந்து மாஸ்கோ பட்டறைகளுக்கு அனுப்பப்பட்ட ஏழைப் பிள்ளைகள். வந்த இடத்தில் எடுபிடி வேலையெல்லாம் இவர்கள் தலையில்தான். பின்னால் நீளும் மடாலயச் சுவரை, ஏழைக்கு இரங்காத மதத்தின் அடையாளம் என்று சொல்வதுண்டு. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜனவரி 14

பெரோவே எழுதிவைத்த நினைவுக் குறிப்பைப் படித்தேன். தூக்கம் வரவில்லை.

நடுவில் இழுக்கும் சிறுவனுக்கு மட்டும் முகம் கிடைக்காமல் படம் நின்றுபோயிருக்கிறது. ஒருநாள் மாஸ்கோவின் எல்லைப்புறத்தில், புனித யாத்திரையாக நடந்து வந்த ஒரு தாயையும் மகனையும் பார்க்கிறார். பையன் பெயர் வாஸ்யா. படம் எழுதினால் பிள்ளைக்கு ஆகாது என்று அந்த அம்மா பயந்தார். பெரோவ் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

சில ஆண்டுகள் கழித்து அந்த அம்மா அவரைத் தேடி வந்தார், தனியாக. வாஸ்யா பெரியம்மையில் போய்விட்டான். கணவரையும் மற்ற பிள்ளைகளையும் அதற்கு முன்பே மண்ணில் புதைத்தவர். வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுக் காசு கொண்டுவந்திருந்தார், மகன் இருக்கும் படத்தை வாங்க. அது ஏற்கெனவே ஓவியங்கள் சேகரிக்கும் திரெத்தியாக்கோவிடம் போயிருந்தது. பெரோவ் அங்கே கூட்டிப்போனார். உடைந்த பல்லைக் காட்டி, இதோ என் பிள்ளை என்று அழுதார் அந்த அம்மா. பிறகு சாமி படத்துக்கு முன்னால் இருப்பதுபோல மண்டியிட்டு நெடுநேரம் வேண்டினார்.

ஜனவரி 15

மறுபடி பார்த்தேன். நடுப்பையன் வாய் திறந்து மூச்சு வாங்குகிறான். பல் தெரிகிறது. இத்தனை நாளும் சுவரையே பார்த்திருக்கிறேன், பல்லைக் கவனிக்கவே இல்லை.

வாஸ்யாவின் முகத்தைத் தனியாக வரைந்து பெரோவ் பிறகு அந்த அம்மாவுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் படத்திலாவது அவன் தோளில் கயிறு இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது.