ரிவர்ஸ் கியருக்கு முன்னால்: ஒரு குன்னூர்ச் சரக்கு லாரியின் நாட்குறிப்பு

7 அக்டோபர் 2024, திங்கள்

மேட்டுப்பாளையத்தில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஏற்றிக் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இறக்கிவரும் எங்கள் 17 அடி ஐச்சர் லாரிக்கு, இந்த வாரம் முதல் குன்னூரில் புதிதாக ஒரு கடை சேர்ந்திருக்கிறது. கடையின் குடோன் மவுண்ட் ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. சந்தின் மறுமுனை படிக்கட்டில் முடிகிறது. எனவே, முன்பக்கமாக நுழைந்தால் திரும்பி வரும்போது காலி வண்டியைப் பின்னால் உருட்டிக்கொண்டு, ஓடும் போக்குவரத்துக்குள் இறக்க வேண்டியிருக்கும். ரிவர்ஸில் உள்ளே ஏற்றி நேராக வெளியே வருவது என்பதை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மெயின் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வெளியே வருபவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு வருபவனுக்கு எதிரே மலையும் வானமும்தான் தெரியும்.

இன்று சரக்கு ஏற்றாமல், வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு, கிளீனர் தம்பியும் நானும் டேப்புடன் நடந்தே போய்ப் பார்த்தோம். சந்தின் வாய் 11 அடி. மின்கம்பம் நிற்கும் இடத்தில் அது ஒன்பதரை அடியாகக் குறுகுகிறது. எங்கள் லாரியின் பாடி, அதாவது சரக்குப் பெட்டி, 7 அடி அகலம்தான் என்பதால் தாராளமாகப் போகும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். தரையை மட்டும் அளந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் மூடியில்லாத வடிகாலும், அதற்கு மேலே சன்ஷேடு ஒன்றும் இருக்கின்றன. தரையோ வடிகால் பக்கமாகச் சரிந்திருக்கிறது. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 6 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் 3 அங்குலம் தாழும்போது 10 அடி உயரத்தில் இருக்கும் தார்ப்பாய் விளிம்பு 5 அங்குலம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கீழே சக்கரத்துக்கு இடம் இருப்பதைப் பார்த்துவிட்டு மேலே மூலையை இடித்துக்கொள்வது மலையூர்ச் சந்துகளில் வாடிக்கை. பிளாட்ஃபார்மில் நின்று கையை விரித்து அளந்து காட்டுகிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

9 அக்டோபர், புதன்

எந்தப் பக்கமாகத் திரும்பி ஏற்றுவது என்பதில் இரண்டு நாளாக யோசனை. கீழிருந்து ஏறி வரும்போது சந்து இடப்பக்கம் இருக்கிறது. சந்தைத் தாண்டி நிறுத்தி, இடப்பக்கமாக ஒடித்துப் பின்னால் எடுத்தால், எதிரில் வரும் வண்டிகளின் பாதையைப் பின்பக்கம் குறுக்கே வெட்டாது. ஆனால் முழுக் காரியமும் கிளீனர் பக்கக் கண்ணாடியை நம்பித்தான் நடக்கும். அந்தக் கண்ணாடியில், பின்சக்கரம் சந்தின் மூலையைத் தொடும் நேரத்தில், பாடியின் பக்கப் பலகையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மாறாக, மேலே பெட்போர்டு பகுதி வரை போய்த் திருப்பி இறங்கி வந்தால் சந்து வலப்பக்கம் வந்துவிடும். ஜன்னலில் தலையை நீட்டினால் பின்சக்கரமும் வடிகாலும் மூலையும் ஒரே பார்வையில் அகப்படும். ஆனால் லாரியின் பின்பாதி, ஏறி வரும் வண்டிகளின் பாதையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஓட்டுநர் பக்கமாகவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். சமவெளியில், குடோன் வளாகத்துக்குள், அது சரியான பேச்சு. இங்கே, சுமையோடு ஏறி வரும் வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பதென்றால், அந்த ஓட்டுநர் மறுபடி ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி விட்டு, தூக்கித்தான் கிளம்ப வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் சட்டமும் மரியாதையும். அப்படியிருக்க, ஏறும் பாதையை அடைப்பதற்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது வலப்பக்கமாகவும், கடைகள் திறந்த பிறகு போக நேர்ந்தால் இரண்டு ஆட்களை நிறுத்தி இடப்பக்கமாகவும் ஏற்றுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு ஆட்கள் என்பதை ஓனரிடம் வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். பின்னால் பார்க்கிற ஆள் ரோட்டையும் பார்க்க முடியாது. இடப்பக்கம் ஒடித்துப் பின்னால் போகும்போது கேபினின் வலது மூலை எதிர்ப்பாதைக்குள் வீசிக்கொண்டு போகும்; லாரி பின்னால் போகிறது என்று நினைத்து முன்னால் புகுந்து போக முயலும் இருசக்கர வண்டிக்காரருக்கு ஆபத்து அந்த மூலையில்தான் இருக்கிறது. பின்பக்கத்தைக் காட்டிலும் முன்பக்கத்துக்குத்தான் காவல் அதிகம் வேண்டும் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. லோடுமேன்களில் ஒருவர் மேட்டுப் பக்கத்தில், வளைவுக்கு அப்பால் நின்று வண்டிகளை நிறுத்துவார். இறங்கி வரும் வண்டிக்கு, அதிலும் ஈர ரோட்டில், நிற்பதற்கு அதிக தூரம் தேவை. லாரிக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டுவதால் பயன் இல்லை.

1989ஆம் ஆண்டின் சாலை விதிகள், பிறருக்கு ஆபத்தோ தேவையற்ற இடையூறோ நேராது என்று உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தக் கூடாது என்றும், வண்டியைத் திருப்புவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் தூரமோ நேரமோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லின. தூரக் கட்டுப்பாட்டில் ரோடு ரோலருக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள். அதன் ஓட்டுநரைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

12 அக்டோபர், சனி

நேற்று ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு வாழைக்கன்றுகளும் கட்டி, தம்பி ஆசையாகச் சைடு கண்ணாடிகளுக்கும் மாலை போட்டிருந்தான். இன்று காலை புறப்படும் முன் வாழைக்கன்றுகளைக் கழற்றிவிட்டு, மாலைகளைக் கேபின் உள்ளே சாமி படத்துக்கு மாற்றச் சொன்னேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. கண்ணாடியின் நடுவில் வைத்த சந்தனப் பொட்டு ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. ஆனால் குவிந்த கண்ணாடியில் தூரத்தில் நிற்கும் ஓர் ஆள் அதைவிடச் சிறிதாகத்தான் தெரிவார். இதை அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, நான் பின்னால் போய் நின்று காட்டினேன். "அண்ணா, நீங்க பொட்டுக்குள்ளாரப் போயிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவனே துணியை எடுத்துத் துடைத்தான். பின்விளக்குகளின் மேல் இருந்த குங்குமத்தையும் அப்படியே துடைத்தாயிற்று.

17 அக்டோபர், வியாழன்

மழை. பர்லியாறு தாண்டியதிலிருந்தே பனிமூட்டம் இறங்கியிருந்தது. பின்பக்கக் கேமரா வைத்த லாரிகளைப் பார்த்து எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று ஓனரிடம் கேட்டிருந்தேன். போன வாரம் பொருத்திக் கொடுத்தார்கள். இன்று அதன் கண்ணில் ஒரு துளி நீர் உட்கார்ந்துகொண்டதில், திரையில் சந்து முழுவதும் பால் குடித்தது போல் வெளுத்திருந்தது. நல்ல வெயிலிலும், அகலமாகக் காட்டும் அந்த லென்ஸ் சுவரை உண்மையில் இருப்பதைவிடத் தள்ளித்தான் காட்டுகிறது. பாடிக்குப் பின்னால், கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் குழந்தையோ நாயோ நிற்கிறதா என்று பார்க்க அது உதவும் என்பதை மறுக்கவில்லை. எத்தனை அங்குலம் மிச்சம் இருக்கிறது என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

இன்று தாமதமாகிவிட்டதால் இடப்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்த உடனே, டீக்கடையில் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் வழிகாட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் "வரலாம் வரலாம்" என்கிறார், இன்னொருவர் "ரைட் ஒடி" என்கிறார், மூன்றாமவர் பாடியைத் தட்டுகிறார். அந்தத் தட்டு நிறுத்தச் சொல்வதா, வரச் சொல்வதா என்று அவருக்கே தெரியாது. நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள் என்பதால் கோபிக்க முடியவில்லை. நான் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கீழே இறங்கி, தம்பி ஒருவன் சொல்வதை மட்டுமே கேட்பேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு மறுபடி ஏறினேன். நிறுத்து என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு உடனே கட்டுப்படுவேன். வா என்பதைச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. அந்த ஒருவர் கண்ணாடியிலிருந்து மறைந்துவிட்டால், அதையும் நிறுத்து என்றே எடுத்துக்கொள்வேன்.

மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நடக்கிற வேகம்தான், ஆனால் அந்த வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் நாலரை அடி போய்விடும். தம்பி பார்த்து, வாய் திறந்து, அது என் காதில் விழுந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்தால், ஏறத்தாழ 7 அடி போயிருக்கும். அவன் சுவருக்கு 3 அடி இருக்கும்போது கத்தினால் என்ன பயன்? ஆகவே 10 அடியில் ஒரு கையை உயர்த்துவது, 5 அடியில் இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டிக் குறுக்கிக்கொண்டே வருவது, பிறகு கைவிரல்களை மடக்கி முஷ்டி காட்டுவது என்று பழக்கப்படுத்தியிருக்கிறோம். முதல் கை உயர்ந்ததுமே நான் கிளட்சை மிதித்து, வண்டியை ஊர்கிற வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

மெதுவாக எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வண்டியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது; தொட்டுத் தொட்டுப் பிரேக் பிடித்தால் டேங்கில் உள்ள காற்று செலவாகும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கம்ப்ரஸர் அதை மெதுவாகத்தான் நிரப்பும். அதனால் ரிவர்ஸ் கியர் போடும் முன், ஏர் மீட்டர் முள் நிறைந்த இடத்துக்கு வரும் வரை காத்திருக்கிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

22 அக்டோபர், செவ்வாய்

கோத்தகிரி. விடியற்காலையில் சரக்கு இறக்கும் தெருவின் நடுவே ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் கறுப்பாக அசைந்ததை முதலில் தார்ப்பாய் மூடிய வண்டி என்றே நினைத்தேன். ரிவர்ஸ் பஸ்ஸரின் சத்தத்தை அதற்குப் பக்கத்தில் எழுப்ப விருப்பமில்லாததால், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, தம்பியையும் கேபினுக்குள் ஏறச் சொல்லிவிட்டு, அது தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மூட்டை ஏற்ற வேண்டியிருந்தது. காலி லாரியை ஏற்றத்தில் பின்னால் தள்ளி மேடையில் சேர்க்க வேண்டும். பாசி பிடித்த சிமெண்ட் தரையில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. பின்னோக்கி ஏறும்போது எடை கீழ்ப்பக்கமாக, அதாவது முன் அச்சுக்குப் போய்விடும். இழுக்க வேண்டிய பின்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். காலி வண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வழுக்கல் கூடுமே தவிரப் பிடிமானம் வராது. ஃபேக்டரிக்காரர்கள் அடுப்புச் சாம்பலை வாரித் தரையில் தூவினார்கள், மெல்ல ஏறியது. முழுச் சுமையோடு நாம் ஏறும் குன்னூர்ச் சந்து இந்த ஒரு விதத்தில் இதைவிட எளிது.

மேடையில் சேர்ந்தவுடன் முன்சக்கரங்களுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்த பிறகுதான் தம்பி பின்கதவைத் திறப்பான். கட்டையைச் சக்கரத்துக்கு ஓர் அங்குலம் தள்ளிப் போடுவது பலருடைய பழக்கம். வண்டி அந்த ஓர் அங்குலம் உருண்டு வேகம் பிடித்து வந்து மோதினால், சிறிய கட்டை தெறித்துவிடும். டயரோடு ஒட்டி, உதைத்து இறுக்கி வைக்க வேண்டும்.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. மவுண்ட் ரோட்டில் மனிதத் தலைகள்தான் தெரிந்தன. மேட்டுப்பாளையத்தில் லோடு தாமதமானதால், நாங்கள் போய்ச் சேரும்போது 11 மணி. சந்தின் வாயில் துணிக்கடைக் கூட்டமும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்களும். பட்டாசுச் சத்தத்தில் தம்பியின் குரலும் பஸ்ஸரும் ஒன்றாகக் கரைந்துபோயின.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, அஞ்சு நிமிஷ வேலைதானேங்க" என்றார் கடைக்காரர். நான் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், பண்டிகைக் கூட்டத்தில் சர்க்கரையும் எண்ணெயும் இல்லாமல் கடையை வைத்திருப்பவரின் அவசரம் நியாயமானது. வண்டியைக் கொஞ்சம் மேலே, ரோடு அகன்றிருக்கும் இடத்தில் ஓரம் கட்டி, தள்ளுவண்டி வைத்துச் சரக்கை இறக்கினோம். லோடுமேன்களுக்குக் கூடுதல் கூலி கேட்டபோது, ஓனர் போனில் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார்.

5 நவம்பர், செவ்வாய்

வடிகாலின் மேல் கடைக்காரர் சிலாப் போட்டிருக்கிறார். அது லாரிச் சக்கரத்தைத் தாங்கும் கனம் இல்லை என்று அவரிடம் சொல்லி, விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்றை அடிக்கச் சொன்னேன். சக்கரம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. குடோன் சுவரிலும், கேபின் ஜன்னலுக்கு நேராக, நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு வரைந்தாயிற்று.

வெளியே வருவதில் ஒரு விஷயத்தைத் தம்பிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவனும் லைசென்ஸ் எடுக்கப் போகிறான். சந்து வாயில் கேபின் நுனி தெரிந்தவுடன் ஒடித்துவிடக் கூடாது. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாடி, சட்டப்படி வீல்பேஸில், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தில், 60 சதவீதம் வரை இருக்கலாம். நாம் வலப்பக்கம் திரும்பினால் அந்த நீட்டம் இடப்பக்கம் வீசி மின்கம்பத்தைத் தேடிப் போகும். பாடியின் பின்நுனி கம்பத்தைத் தாண்டும் வரை நேராக வந்து, அதன் பிறகு ஒடிக்க வேண்டும். அதுவரை கேபின் ரோட்டுக்குள் சிறிது நீட்டிக்கொண்டுதான் நிற்கும், அதற்காகத்தான் லோடுமேன் ரோட்டில் நிற்கிறார்.

இனி செவ்வாயும் சனியும் காலை 6 மணிக்கு, ஸ்கூட்டர்கள் வந்து நிற்கும் முன் இறக்கிவிடுவது என்று கடைக்காரரிடம் பேசி முடித்தாயிற்று. குடோன் சாவியை முந்தைய இரவே எதிர் டீக்கடையில் கொடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.